48 மணி நேர வரம்பும் திருடப்படும் கூலியும்

மெல்போர்னில் முதுநிலை படிக்கும் ஒரு மாணவி, உணவகம் ஒன்றில் பகுதிநேர வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 14 மணி நேரம் வேலை. இரண்டாவது வாரம், உடன் வேலை பார்ப்பவர் திடீரென லீவு போட்டுவிட, முதலாளி கேட்டுக்கொண்டதால் 30 மணி நேரம். மூன்றாவது வாரம் 22, நான்காவது வாரம் 20. சம்பளச் சீட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. முதல் சீட்டில் 44 மணி நேரம், அடுத்த சீட்டில் 42. வகுப்புகள் நடக்கும் காலத்தில் ஆஸ்திரேலிய மாணவர் விசா அனுமதிப்பது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். இரண்டு சீட்டுகளும் வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஆனாலும் அவர் விசா நிபந்தனையை மீறிவிட்டார். விசா விதியில் வரும் இரண்டு வாரக் கணக்கு ஒவ்வொரு திங்கள்கிழமையும் புதிதாகத் தொடங்கி 14 நாள் ஓடும். சம்பளத் தேதியோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. இரண்டாவது வாரத்தையும் மூன்றாவது வாரத்தையும் கூட்டினால் 52 வருகிறது. நான்கு மணி நேரம் கூடுதல்.

இந்த நான்கு மணி நேரத்துக்காக அதிகாரிகள் மறுநாளே வந்து கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால் வரம்பு மீறிய விஷயம் அந்த மாணவிக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அடுத்த மாதம் கூலியைக் குறைத்துக் கொடுத்தால் அவர் கேட்பாரா? ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் பாத்திரம் கழுவச் சொன்னால் மறுப்பாரா? வெளிநாட்டு மாணவர்களின் வேலை விதிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எத்தனை மணி நேரம் அனுமதி என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அந்த எண் யார் கையில் சாட்டையாக மாறுகிறது என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி.

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஊரறிந்த சாட்சியம் இருக்கிறது. 2015 ஆகஸ்ட் இறுதியில் ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஃபோர் கார்னர்ஸ்’ நிகழ்ச்சியும் ஃபேர்ஃபாக்ஸ் நாளிதழ்களும் சேர்ந்து ‘செவன் லெவன்’ கடைகளில் நடந்ததை அம்பலப்படுத்தின. 24 மணி நேரமும் திறந்திருக்கும் அந்தக் கடைகளின் கல்லாவில் நின்றவர்களில் பெரும்பகுதியினர் வெளிநாட்டு மாணவர்கள். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனவர்கள் அவர்களில் ஏராளம். அன்றைய வரம்பு இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம், அதாவது வாரத்துக்குச் சராசரியாக 20. மாணவர் வாரம் 40 மணி நேரம் வேலை செய்வார். கணக்கில் 20 மணி நேரம் என்று பதிவாகும். அந்த 20 மணி நேரத்துக்கு உரிய கூலி கொடுக்கப்படும். தாளில் பார்த்தால் மணிக்கு முறையான சம்பளம், விசா வரம்பும் மீறப்படவில்லை. நிஜத்தில் பாதிக் கூலி. கேள்வி கேட்டால் பதில் தயாராக இருந்தது: “நீ வரம்பு மீறி வேலை செய்திருக்கிறாய், குடிவரவுத் துறைக்குச் சொல்லட்டுமா?”

விவகாரம் வெளியான பிறகு சில கடைகளில் வழி மாறியது. வங்கிக் கணக்கில் முழுச் சம்பளமும் ஏறும். அதன்பின் ஊழியர் ஏடிஎம்முக்குப் போய், அதில் ஒரு பகுதியை நோட்டாக எடுத்து வந்து முதலாளி கையில் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கைச் சோதிக்கும் அதிகாரிக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். தன் கூலியைத் தானே எடுத்து, தன்னைச் சுரண்டுகிறவரிடம் தானே கொடுத்துவிட்டுத் திரும்பும் அந்த இருபது வயதுப் பிள்ளை, அன்றிரவு ஊருக்கு வீடியோ கால் போட்டு “எல்லாம் நல்லாத்தான் போகுதும்மா” என்று சொல்லியிருக்கும். இதை எழுதும்போது எனக்கு ஆறவில்லை.

பொருளாதார அறிஞர் ஆலன் ஃபெல்ஸ் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. நிறுவனத்தின் தலைவரும் தலைமை நிர்வாகியும் பதவி விலகினார்கள். தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகை 15 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. ஒரே ஒரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கடைகளில் மட்டும் இவ்வளவு. சட்ட ஆய்வாளர்கள் லாரி பெர்க், பஸ்ஸினா ஃபார்பன்ப்ளம் இருவரும் 2019இல் 5,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்களிடம் கருத்துக் கேட்டபோது, நான்கில் மூன்று பேருக்கு மேல் சட்டப்படியான குறைந்தபட்சத் தற்காலிகக் கூலிக்குக் கீழே வாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை.

இனி ஒரு சின்னக் கணக்கு. இந்தப் பிரச்சினையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

2025 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். சம்பளத்தோடு கூடிய விடுப்பு முதலிய சலுகைகள் இல்லாத தற்காலிக ஊழியருக்கு அதன்மேல் 25 விழுக்காடு சேர்த்துத் தர வேண்டும். மணிக்கு 31 டாலருக்குச் சற்றே மேல். இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்றால் வரிக்கு முன் 1,500 டாலரை ஒட்டி வரும். ஆண்டு முழுக்க இப்படி வேலை கிடைத்தால் 38,000 டாலரைத் தாண்டும். ஒரு மாணவர் ஓராண்டு தங்கிச் சாப்பிட்டு வாழ எவ்வளவு ஆகும் என்று அந்த நாட்டு அரசே கணித்து, விசாவுக்குக் காட்டச் சொல்லும் தொகை 29,710 டாலர். ஆக, சட்டப்படியான கூலி ஒழுங்காகக் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள்ளேயே வாழ்ந்துவிடலாம். வரம்பை மீறத் தேவையே இல்லை.

இப்போது அதே மாணவருக்கு மணிக்கு 15 டாலர் என்று கையில் காசாகக் கொடுக்கிறார்கள் என்று கொள்வோம். அதே 48 மணி நேரத்துக்கு 720 டாலர். ஆண்டுக்கு 19,000 டாலர்கூடத் தேறாது. அறை வாடகையும் சாப்பாடும் அதற்குள் அடங்காது. என்ன செய்வார்? இன்னொரு இடத்தில் இரவு ஷிஃப்ட் பிடிப்பார். வரம்பு மீறும். மீறிய உடனே முதல் முதலாளிக்கும் இரண்டாவது முதலாளிக்கும் ஒரே பிடி கிடைத்துவிடும். 15 டாலர் 13 ஆனாலும் அவரால் பேச முடியாது. குறைந்த கூலி கூடுதல் மணி நேரத்துக்குத் தள்ளுகிறது, கூடுதல் மணி நேரம் குறைந்த கூலியைச் சகிக்க வைக்கிறது. இந்தப் பிள்ளைகள் பேராசையால் விசா விதியை மீறுகிறார்கள் என்று சொல்லும் அரசியல்வாதிகளை எல்லா நாடுகளிலும் பார்க்கிறோம். மீறலுக்கு முன்னால் நடந்த திருட்டைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

படிக்க வந்தவர் படிக்கட்டும் என்பதற்காகத்தான் வரம்பு என்று அரசுகள் சொல்கின்றன. இந்த நியாயத்தை நான் முழுவதும் தள்ளவில்லை. ஆனால் அரசுகள் தங்களுக்குத் தேவைப்பட்டபோது அந்த நியாயத்தை என்ன செய்தன என்பதைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் கொரோனா அச்சத்தில் மக்கள் பேரங்காடிகளுக்குப் படையெடுத்து அலமாரிகளைக் காலி செய்தபோது, கோல்ஸ், உல்வொர்த்ஸ் போன்ற கடைகளில் வேலை பார்த்த மாணவர்களுக்கு மணி நேர வரம்பு தளர்த்தப்பட்டது. முதியோர் இல்லங்களில் ஆள் போதவில்லை, அங்கேயும் தளர்த்தினார்கள். அடுத்த மாதமே, ஏப்ரலில், தங்களைத் தாங்களே பராமரித்துக்கொள்ள முடியாத தற்காலிக விசாக்காரர்கள் ஊருக்குத் திரும்பலாம் என்று அன்றைய பிரதமர் ஸ்காட் மாரிசன் சொன்னார். ஊழியர்களை வேலையிலேயே தக்கவைக்க முதலாளிகள் வழியாகக் கொடுக்கப்பட்ட ‘ஜாப்கீப்பர்’ உதவித்தொகையில் மாணவர்களுக்குப் பங்கில்லை. உணவு வங்கிகளின் வாசலில் அவர்கள் வரிசையில் நின்ற படங்கள் அப்போது செய்திகளில் வந்தன.

எல்லை திறந்தது. ஆள் பற்றாக்குறை கழுத்தை நெரித்தது. 2022 ஜனவரியில் வரம்பையே முழுதாக எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்துசேரும் மாணவர்களுக்கு விசாக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தார்கள். அந்தக் கட்டணம் அப்போது 630 டாலர். 2025 ஜூலையில் அது 2,000 டாலராக உயர்ந்தது, நிராகரித்தால் திரும்பி வராது. 2023 ஜூலையில் வரம்பு மீண்டும் வந்தது, 40க்குப் பதில் 48 மணி நேரமாக. கனடாவும் இதே பாதையில்தான் போனது. வளாகத்துக்கு வெளியே வாரம் 20 மணி நேரம் என்ற வரம்பை 2022 நவம்பரில் நீக்கியது, 2024 ஏப்ரல் முடிவில் திரும்பக் கொண்டுவந்தது, அந்த ஆண்டு நவம்பரில் 24 ஆக்கியது. படிப்பு கெட்டுப்போகும் என்பது உண்மையான கவலையாக இருந்திருந்தால், கடைக்கு ஆள் வேண்டியிருந்த அந்த மாதங்களிலும் அது இருந்திருக்கும்.

வரம்பே வேண்டாம் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்திரேலியாவில் வரம்பு இல்லாதிருந்த அந்தப் பதினெட்டு மாதங்களில் வேறொரு சீர்கேடு வளர்ந்தது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விசா வாங்கிக்கொண்டு வந்து, கையோடு ஏதாவது மலிவான தொழிற்கல்லூரியில் இரண்டாவது சேர்க்கையும் வாங்கி, பிறகு பல்கலைக்கழகத்தைக் கைவிடுவது. 2023இன் முதல் பாதியில் மட்டும் இப்படிப்பட்ட இரட்டைச் சேர்க்கைகள் ஏறத்தாழ 17,000 பதிவானதாக அரசு சொன்னது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பொந்தை அடைத்தார்கள். வரம்பு போனால் மாணவர் விசா மலிவுத் தொழிலாளர் விசாவாக மாறும். அப்போதும் நசுங்குவது நம் பிள்ளைகள்தான். வரம்பு இருக்கட்டும். அதை மீறினால் வரும் தண்டனையின் சுமை யார் தலையில் விழ வேண்டும் என்பதில்தான் என் வழக்கு.

நெடுங்காலம் அது மாணவர் தலையில் மட்டுமே விழுந்தது. 2013 வரை ஆஸ்திரேலியாவில் மணி நேர வரம்பை மீறியது உறுதியானால் விசாவை ரத்து செய்தே ஆக வேண்டும் என்ற நிலை; சூழ்நிலையைப் பார்த்து இரங்கும் உரிமை அதிகாரிக்கே கிடையாது. அதன் பிறகு அதிகாரியின் முடிவுக்கு விடப்பட்டது. 2017இல், கூலித் திருட்டைப் பற்றிப் புகார் செய்து விசாரணைக்கு ஒத்துழைக்கும் மாணவரின் விசாவைப் பொதுவாக ரத்து செய்வதில்லை என்று தொழிலாளர் உரிமைக் கண்காணிப்பகமான ‘ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன்’ குடிவரவுத் துறையோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. அந்த வாசலுக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு வந்தவர், “பொதுவாக” என்ற ஒரு சொல்லை நம்பிப் புகார் எழுதிக் கொடுப்பாரா?

2024 ஜூலையில் வந்த சட்டத் திருத்தம்தான் உண்மையான திருப்பம். விசா நிலையைக் காட்டி ஒருவரை மிரட்டி வேலை வாங்குவது முதலாளியின் குற்றமாயிற்று. இரண்டாண்டு சிறைவரை போகலாம். தவறு செய்யும் நிறுவனம் வெளிநாட்டு ஊழியர்களைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்று தடை போடலாம். விசா நிபந்தனையை மீறி வேலை செய்வதை ஊழியரின் கிரிமினல் குற்றமாக வைத்திருந்த பழைய சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. சுரண்டலுக்கு ஆளானவர் தொழிற்சங்கத்திடமோ இலவசச் சட்ட உதவி மையத்திடமோ சான்று பெற்றுக் கொடுத்தால், வேலை நிபந்தனையை மீறிய காரணத்துக்காக அவர் விசா ரத்தாகாது. வழக்கை நடத்தி முடிக்க நாட்டில் தங்குவதற்குத் தனி விசாவும் சோதனை முறையில் வந்தது. 2025 ஜனவரி முதல் வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பது நாடு முழுவதும் கிரிமினல் குற்றம். தனிநபருக்குப் பத்தாண்டு சிறைவரை தண்டனை உண்டு. இத்தனையும் வர, தொலைக்காட்சியில் அந்தச் செவன் லெவன் மாணவர்கள் முகம் காட்டிப் பேசி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. கணக்குப் பார்க்கும் முறையை மாற்ற வேண்டும். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 44, 42, 52 சிக்கல் தேவையற்ற சிக்கல். ஜெர்மனி 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று கணக்கிடுகிறது. பிரான்சில் ஆண்டுக்கு 964 மணி நேரம். தேர்வு வாரத்தில் வேலையை விட்டுவிட்டு அடுத்த வாரத்தில் கூடுதலாக ஒரு நாள் வேலை பார்ப்பவரை இந்த முறை குற்றவாளியாக்காது. படிப்பு முக்கியம் என்று சொல்கிறவர்கள் முதலில் ஏற்க வேண்டிய முறை இதுதான். அடுத்தது, கணக்கு வைக்கும் பொறுப்பு. தன்னிடம் எத்தனை மணி நேரம் வேலை வாங்கினோம் என்பது முதலாளிக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் வரி அலுவலகத்துக்கு ஒவ்வொரு சம்பளத்தின்போதும் மின்னணு முறையில் விவரம் போகிறது. அப்படியிருக்க, ஒரே கடையில் வரம்பு மீறப்பட்டால் முதல் கேள்வி அந்தக் கடைக்காரரிடம்தான் கேட்கப்பட வேண்டும்.

பிரிட்டனின் நிலை இன்னும் கவலை தருகிறது. பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், அதற்குக் கீழ்நிலைப் படிப்பென்றால் 10. சுயதொழில் அறவே கூடாது. செயலி வழி உணவு டெலிவரி அங்கே சுயதொழிலாகவே கருதப்படுகிறது. ஆகவே சைக்கிளில் பிரியாணிப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்த முதல் நடையிலேயே மாணவர் விதியை மீறியவராகிறார். 20 மணி நேரக் கணக்கே அங்கு எழவில்லை. இது தெரியாமல், இன்னொருவரின் டெலிவரி கணக்கை வாடகைக்கு வாங்கி ஓட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை செய்யும் உரிமை இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதல் மீறலுக்கே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் என்று 2024இல் உயர்த்தினார்கள். அது முதலாளிக்கு விழும் தண்டனை என்றாலும், சுரண்டப்பட்ட மாணவர் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு என்று ஆஸ்திரேலியாவில் இருப்பதுபோன்ற ஏற்பாடு எதுவும் கூடவே வரவில்லை. பிடிபட்டால் முதலாளிக்கு அபராதம், மாணவருக்கு விமான டிக்கெட்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் பேச வேண்டும். லண்டனிலும் டொரண்டோவிலும் சிட்னியிலும் தமிழர் நடத்தும் கடைகள், பெட்ரோல் நிலையங்கள், உணவகங்கள் நிறைய உண்டு. போய் இறங்கிய பிள்ளைக்கு முதல் வேலையும் முதல் மாதச் சாப்பாடும் அங்கேதான் கிடைக்கும். நல்ல மனதோடு முறையான கூலி கொடுத்து, தேர்வுக்கு லீவும் கொடுக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். அந்த நன்றியை மூலதனமாக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். “நம்ம புள்ளைன்னு வச்சிருக்கேன், வேற எவன் குடுப்பான்?” என்று ஒருவர் சொல்லும்போது, தினமும் அவரை அண்ணா என்று கூப்பிடுகிற பிள்ளை எந்த அலுவலகத்தில் போய்ப் புகார் சொல்லும்? அந்நியர் செய்தால் சுரண்டல் என்று கொதிக்கிற நாம், அண்ணன் செய்தால் உதவி என்கிறோம். ஆஸ்திரேலியாவில் கையில் காசாக வாங்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், முதலாளி கட்ட வேண்டிய 12 விழுக்காடு ஓய்வுநிதியும் சேர்ந்தே போகிறது. இதை அந்தந்த ஊர்த் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா மேடையிலேயே பேசலாம்.

இங்கே தமிழ்நாட்டில் ஏஜென்ட் அலுவலகங்களில் நடப்பது இதற்கெல்லாம் முன்னுரை. “பார்ட் டைம் பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம் சார்” என்ற வாக்கியத்தைக் கேட்காத பெற்றோர் குறைவு. மேலே போட்ட கணக்கை மீண்டும் பாருங்கள். முழுக் கூலியும் கிடைத்தால்கூட 48 மணி நேரம் வாழ்க்கைச் செலவைத்தான் தாங்கும், கையில் கொஞ்சம் மிஞ்சும். பெரிய பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணம் 40,000 டாலரைத் தாண்டும் படிப்புகள் ஏராளம். பகுதிநேரச் சம்பளத்தில் கட்டணம் கட்டலாம் என்று சொல்கிறவர், உங்கள் பிள்ளை விசா விதியை மீறப்போகிறது என்பதை மறைமுகமாகச் சொல்கிறார். அப்பா அம்மா அந்த வாக்கை நம்பிக் கடன் தவணையைத் திட்டமிடுகிறார்கள். ஆறு மாதத்தில் “ஏதாவது அனுப்ப முடியுமாப்பா?” என்று கேட்கிறார்கள். கடையில் நடக்கும் மிரட்டலும் வீட்டிலிருந்து வரும் இந்தக் கேள்வியும் ஒரே இரவில் ஒரே பிள்ளையின் காதில் விழுகின்றன. அனுப்பும் முன் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்து, கட்டணத்துக்கு வழியில்லை என்றால் ஓராண்டு தள்ளிப்போடுவதோ உதவித்தொகை உள்ள இடத்தைத் தேடுவதோ அவமானமில்லை.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் புறப்படும் முன் பயிற்சி வகுப்பு நடத்தும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மாணவர் விசாவில் போகிறவரும் போய் இறங்கிய சில வாரங்களிலேயே தொழிலாளிதான். அந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலி என்ன, சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, மிரட்டினால் எங்கே போவது என்பதை ஒரு நாள் உட்காரவைத்துத் தமிழில் சொல்ல அயலகத் தமிழர் நலத்துறையால் முடியும். கல்லூரி வளாகங்களிலேயே செய்யலாம். பெற்றோரையும் கூடவே உட்காரவைக்க வேண்டும்.

அந்த வகுப்பில் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஏற்கெனவே திரும்பி வந்தவர்களுக்கும் அது பயன்படும். ஆஸ்திரேலியாவில் தராமல் விட்ட கூலியைக் கேட்க ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. 2023 ஜூலையிலிருந்து ஒரு லட்சம் டாலர் வரையிலான கூலி வழக்குகளைச் சிறு வழக்குகளுக்கான எளிய முறையில் நடத்தலாம். விசா முடிந்து ஊர் திரும்பியவருக்கும் அந்த உரிமை போய்விடாது. கேட்பதற்கு ஆதாரம் வேண்டும்: எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வேலை, எவ்வளவு காசு கைக்கு வந்தது, ஷிஃப்டுக்கு வரச்சொல்லி முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். பழைய செல்போனை மாற்றும்போது அவற்றை அழித்துவிடாமல் வைத்திருப்பவர் திருச்சியிலோ திருநெல்வேலியிலோ வீட்டில் உட்கார்ந்தபடியே ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மனுக்கு எழுதலாம்.